ஏட்டில் ஏறிய பானை

(நாகர்கோவிலில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மேசையில் இருப்பது அக்கானிக் கலயம், பனையில் பதநீர் இறக்கும் பானை. உருண்ட வயிறு, கயிறு நழுவாத கழுத்து, உள்ளே பூசிய சுண்ணாம்பு. இதை அளந்து வரைந்த புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. அந்த ஏக்கத்தில்தான், ஜாடிகளை அப்படி வரைந்த ஒரு பழைய புத்தகத்தைப் பற்றி இன்று பேச வந்தேன்.

நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் பழைய ஜாடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தான்கார்வில் என்பவர் அவற்றை 4 பெரிய தொகுதிகளாக, வண்ணப் படங்களோடு வெளியிட்டார். வாய் எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று அளவு குறித்த படங்களும் அதில் உண்டு. கைவினைஞர்கள் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஜாடிகளை 1772இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. படங்களோ அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் குயவர் வீட்டுப் பிள்ளை. 1768இல்தான் அவருடைய வலது காலை எடுத்திருந்தார்கள். 1769 ஜூன் 13 அன்று புதிய தொழிற்சாலையைத் திறந்தபோது, கூட்டாளி பென்ட்லி சக்கரத்தைச் சுற்ற, அவரே 6 ஜாடிகளை வனைந்தார். அவற்றில் தீட்டிய உருவங்கள் ஹாமில்டன் புத்தகத்திலிருந்து வந்தவை. தொழிற்சாலைக்கு எட்ரூரியா என்று பெயர். ஹாமில்டன் சேர்த்த ஜாடிகள் இத்தாலியின் பழங்குடிகளான எட்ரஸ்கர்களுடையவை என்றும், அவர்கள் நாடு எட்ரூரியா என்றும் அப்போது நம்பினார்கள்; உண்மையில் பெரும்பாலானவை கிரேக்கர் கைவேலை. அப்புறம் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் அதே பாணியை லண்டன் ஆஸ்டர்லி மாளிகையின் சுவருக்கும் நாற்காலிக்கும் கொண்டுபோனார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிரேக்க ஜாடியில் சிவந்த உருவம் தெரிகிறதே, அது பூச்சு படாமல் விட்ட மண்ணின் நிறம். சுற்றியுள்ள கறுப்புதான் சூளையில் கறுத்த களிமண் பூச்சு. வெட்ஜ்வுட் ஜாடியில் மண்ணே கறுப்பு. சிவப்பை மேலே தீட்டினார். அப்படியே தலைகீழ்! புத்தகப் படம் உருவத்தைக் காட்டியது, சூளையைக் காட்டவில்லை.

பக்கத்தில் ஆதிச்சநல்லூரில் பெண்ணும் மானும் முதலையும் புடைப்பாக ஒட்டிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. அங்கே கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளிலும் நிறத்தைத் தந்தது சூளை நெருப்புதான். சரி, நம் கலயத்தை வரையும்போது நாம் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். அளவோடு படம் போடுங்கள். பக்கத்திலேயே மண் எந்தக் குளத்தில் எடுத்தது, எப்படி அடுக்கினார்கள், எத்தனை மணி நேரம் எரித்தார்கள் என்று வனைந்தவரிடமே கேட்டு எழுதுங்கள். அளவு நாடா கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கலயத்தில் இப்போதே தொடங்கலாம்.