சிறைக்குள் உளவியலாளர்: தேவை நிரந்தரப் பணியிடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, சிறைத்துறை டி.ஐ.ஜி. அவர்களே, கண்காணிப்பாளர் பெருமக்களே, சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர்களே, நாளை இப்பணிக்கு வரவிருக்கும் உளவியல் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தென் மாநிலச் சிறை அலுவலர்களுக்கு 1979 முதல் பயிற்சி அளித்துவரும் நிறுவனம் அமைந்திருக்கும் வேலூரிலேயே இதைப் பேசக் கிடைத்த வாய்ப்புக்காக, விழாக் குழுவினருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று செய்திகளைப் பேச எண்ணி வந்தேன். உளவியலாளர் சிறைக்குள் என்ன செய்கிறார், சட்டம் என்ன சொல்கிறது, இரவும் பகலும் காவல் நிற்கும் வார்டர்களின் மனச்சுமையை யார் கேட்பது என்பவை அவை. மூன்றுக்கும் அடியில் ஓடுவது, நான் ஏறிய மேடைகளில் எல்லாம் சொல்லிவரும் பழமொழிதான்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

உள்ளே வந்த முதல் சில நாட்கள்தான் ஒருவருக்கு மிக ஆபத்தானவை. குடிப்பழக்கம் உள்ளவருக்குச் சாராயம் திடீரென நின்றதும் கை நடுங்கும், தூக்கம் போகும், இல்லாத குரல்கள் கேட்கும். வீட்டில் என்ன நடக்கிறது என்ற தகவலும் வராது. ஜாமீன் மனு தள்ளுபடியான மாலையில், லாக்கப் அடைத்த பிறகு, ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் அதைக் கவனிக்கத் தெரிந்த கண் வேண்டும். புதிதாக வருவோரிடம் பேசி அபாயத்தை அறிவது, அடுத்தடுத்த அமர்வுகளில் கோபத்தையும் குற்றவுணர்வையும் கையாளப் பழக்குவது, மருந்து தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை உளவியலாளரின் அன்றாடப் பணி.

சிறை மருத்துவராக இருந்த காலத்தில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நெசவுக்கூடத்தில் வேலை பார்த்த ஓர் ஆயுள் தண்டனைக் கைதி, தாயார் மனு போட்டு வந்து காத்திருந்தாலும், பார்க்க வருவோரைக் கைதிகள் சந்திக்கும் மனு அறைக்குப் போக மாட்டார். “ஆள் இல்லைன்னு சொல்லிடுங்க சார்” என்பார். வார்டர்கள் அதட்டிப் பார்த்தார்கள், நான் புத்தி சொல்லிப் பார்த்தேன், எதுவும் நடக்கவில்லை. அப்போது ஒப்பந்த அடிப்படையில் ஓர் இளம் உளவியலாளர் பணிக்கு வந்தார். அந்தப் பெண் தாயைப் பற்றிக் கேட்கவே இல்லை. வாரந்தோறும் தறிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பாவு ஏன் அறுகிறது, அறுந்த இழையை எப்படி முடிச்சுப் போடுகிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் தறிப் பேச்சுத்தான். ஒருநாள் கையை நிறுத்திவிட்டு அவரே சொன்னார்: “செத்தவனும் அவ பெத்த புள்ளதான் மேடம்.” குடிவெறியில் சொந்தத் தம்பியைக் கொன்றுவிட்டு வந்தவர் அவர். எந்த முகத்தோடு தாயின் முன் போய் நிற்பது என்பதே அவரது நோய். அதன்பின் முதலில் ஒரு கடிதம், அதற்குத் தாயின் பதில், அப்புறம் மனு அறை. கம்பி வலைக்கு அந்தப்புறம் நின்ற தாய் எதையும் கேட்கவில்லை; “தம்பி மக ஆறாவது போயிட்டா” என்று மட்டும் சொன்னார். அந்த இரவு மகனுக்குத் தூக்க மாத்திரை தேவைப்படவில்லை. அடிமேல் அடி, அம்மி நகர்ந்தது.

அவ்வாண்டு மார்ச் மாதத்தோடு அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் முடிந்தது; நீட்டிக்கப்படவில்லை. பல மாதங்கள் கழித்து வேறொருவர் வந்தபோது, நம்மவர் மீண்டும் மனு அறைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். “இன்னொருத்தர்கிட்ட முதல்லேர்ந்து சொல்ல என்னால ஆகாது சார்” என்றார். இதைவிட வலுவான வாதம் ஒன்றை எந்தக் கோப்பிலும் நான் படித்ததில்லை.

சட்டத்தில் குறையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்கப்பட வேண்டும் என்கிறது. மத்திய அரசு வகுத்த 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேட்டின்படி 500 பேருக்கு ஓர் உளவியலாளராவது தேவை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். 500 பேருக்கு ஒருவர் என்ற கணக்குப்படி 1,100க்கும் மேற்பட்ட உளவியலாளர்கள் வேண்டும். அப்போது நாடெங்கும் இருந்தவர்களோ சில பத்துப் பேர்தான். பெங்களூரு மத்திய சிறையில், தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் வல்லுநர்கள் 5,024 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவில், போதைப் பழக்கத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் நான்கில் ஒருவருக்கு மேல் மனநலப் பாதிப்பு இருந்தது. 2022இல் மட்டும் இந்தியச் சிறைகளில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். காலியான பணியிடங்களோடு இந்த எண்ணையும் சேர்த்துப் படிக்குமாறு மேடையில் இருக்கும் பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டுக்கு ஒருமுறை பேனர் கட்டி நடத்தும் ஒருநாள் மனநல முகாமால் அம்மி நகராது. நிரந்தரமாக நியமிக்காததற்குப் பணமின்மையைக் காரணம் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஓர் உளவியலாளரின் ஊதியம் எந்தத் துறையையும் மூழ்கடித்துவிடாது. அவர் அங்கேயே பணி ஓய்வு வரை இருப்பார் என்ற உறுதி கைதிக்கு வேண்டும். அவரிடம் சொன்னது பரோல் கோப்புக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் அவர் வாய்திறக்கலாம். அந்த வரம்பையும் முதல் நாளே கைதியிடம் சொல்லிவிட வேண்டும்.

வார்டர்களைப் பற்றிப் பேச இன்னொரு மேடை அமையும் என்று நம்புகிறேன். தமிழ்நாட்டின் 9 மத்திய சிறைகளிலும் பெண்கள் தனிச்சிறைகளிலும் கையேட்டின் அளவுப்படி உளவியலாளர்களை நிரந்தரமாக நியமிக்கக் கோரும் தீர்மானத்தின் நகல்கள் வாயிலில் உள்ள மேசையில் இருக்கின்றன. நீதியரசர் அவர்கள் முதல் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள். படித்துப் பார்த்து, உடன்பட்டால் நீங்களும் ஒப்பமிட வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.