பேங்க்ரோல் பண்றது யாரு?

எல்லாருக்கும் வணக்கம். இங்க பாதிப்பேரு சொந்தமா கம்பெனி வெச்சிருக்கீங்க, மீதிப்பேரு வைக்கப்போறேன்னு சொல்லி வீட்ல திட்டு வாங்கிட்டு இருக்கீங்க, அதனால காசு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைய எடுத்துக்கிட்டு பேசலாம்னு வந்தேன். பேங்க்ரோல்.

டிக்‌ஷனரிய பொரட்டுனா ஒரு காரியத்துக்குப் பணம் போடுறதுன்னு இருக்கும், அவ்ளோதான். ஃபண்ட், ஃபைனான்ஸ், பேக் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட இதே அர்த்தம்தான் போட்டிருப்பான். ஆனா அமெரிக்கப் பத்திரிகைய தொடர்ந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும், தேர்தல்ல நிக்கிற ஒருத்தர் தன்னைப் பத்தி சொல்லும்போது எனக்கு ஆதரவாளர்கள் இருக்காங்கம்பாரு, எதிர்க்கட்சிக்காரனோ நிருபரோ கேக்கும்போது "ஹூ இஸ் பேங்க்ரோலிங் ஹிம்?"னு கேப்பான். நம்ம டீக்கடைல "இவனுக்குப் பின்னாடி யாரு இருக்கா?"ன்னு ஒரு மாதிரி இழுத்துக் கேப்போமே, அதே தொனி. கம்பெனிகளும் அப்படித்தான், தன்னைப் பத்தி எழுதுற பிரஸ் ரிலீஸ்ல "பேக்டு பை"னு போடுமே தவிர "பேங்க்ரோல்டு பை"னு போட்டு நான் பாத்தது ரொம்ப அபூர்வம்.

இந்த வாடை எங்கேந்து வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தோணுறத சொல்றேன். பேங்க்ரோல்ங்கறது மொதல்ல நெஜமாவே நோட்டுக்கட்டு, பேங்க் நோட்ட சுருட்டி பாக்கெட்ல வெச்சுக்கிற உருண்டை. அப்படி வெச்சிக்கிட்டு சுத்துனவங்கள்ல முக்கியமானவங்க சூதாடிங்க. நியூயார்க்ல ஆர்னால்ட் ராத்ஸ்டீன்னு ஒருத்தன், வசதியான வியாபாரி வீட்டுப் பையன், அவனுக்குப் பட்டப்பேரே 'தி பிக் பேங்க்ரோல்'. 1919 பேஸ்பால் வேர்ல்டு சீரிஸ்ல சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரங்க காசு வாங்கிட்டுத் தோத்தாங்கன்னு பெரிய ரகளை ஆச்சு, எட்டு பேருக்கு ஆயுள் தடை, அதுக்குப் பணம் இவன்தான் கொடுத்தான்னு ஊரே பேசுச்சு, ஆனா கேஸ் எதுவும் இவன் மேல நிக்கல. அடுத்த வருஷமே, 1920ல, மதுவிலக்கு வந்துடுச்சு. கள்ளச்சரக்கு கடத்துறவன் பேங்க்ல போயி லோன் அப்ளிகேஷன் போட முடியுமா? கப்பல் வேணும், லாரி வேணும், போலீஸுக்குக் கொடுக்க வேணும், எல்லாத்துக்கும் ராத்ஸ்டீன்ட்டதான் வந்து நின்னாங்க, அவன் பாட்டுக்கு காசக் கொடுத்துட்டு பேரு வெளிய வராம பின்னாடி உக்காந்துக்குவான். 1928 நவம்பர்ல பார்க் சென்ட்ரல் ஹோட்டல்ல அவன சுட்டுட்டாங்க, சீட்டாட்டக் கடன் தகராறுன்னு சொல்லுவாங்க. யாரு சுட்டதுன்னு சாகுறவரைக்கும் அவன் வாயத் தொறக்கல.

இன்னொரு வார்த்தை இருக்கு, கிரப்ஸ்டேக். இது மேற்கு அமெரிக்கால தங்கம் வெள்ளி தேடி மலை ஏறுனவங்க பாஷை. கிரப்னா சாப்பாடு, ஸ்டேக்னா பங்கு. கொலராடோல லெட்வில்ங்கற ஊர்ல ஹோரஸ் டேபர்னு ஒருத்தர் மளிகைக்கடை வெச்சிருந்தாரு, 1878ல ரெண்டு பேரு வந்து கையில காசில்ல, சாப்பாட்டுச் சாமானும் மம்முட்டி கடப்பாரையும் கொடுங்கன்னு நின்னாங்க. கொடுத்தாரு, எது கெடைச்சாலும் மூணுல ஒரு பங்கு எனக்குன்னு பேச்சு. அவங்க தோண்டுன எடத்துல வெள்ளி! மறுவருஷமே டேபர் தன்னோட பங்க பத்து லட்சம் டாலருக்கு வித்தாரு, அந்தக் காலத்துப் பத்து லட்சம்ங்க. (அதுக்கப்புறம் 1893ல வெள்ளி வெல சரிஞ்சு எல்லாம் போயி, கடைசியா டென்வர் போஸ்ட் மாஸ்டரா இருந்து செத்தாரு, அது தனிக் கதை.)

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கிரப்ஸ்டேக்னு சொன்ன ஒடனே கொடுத்தவனுக்கு என்ன வரும்னு அந்த வார்த்தைக்குள்ளயே இருக்கு, பங்கு. லோன்னா வட்டி, இன்வெஸ்ட்னா ஷேர். பேங்க்ரோல்ல மட்டும் காசு போறது தெரியுது, திரும்பி என்ன வருதுன்னு தெரியல. அந்த ஓட்டை வழியாத்தான் சந்தேகம் உள்ள வருதுன்னு நான் நெனைக்கிறேன்.

அதனாலதான் இத வீட்டுக்குள்ள சொன்னா ஜோக் ஆயிடுது. படிப்பு முடிச்சிட்டு ஒரு வருஷம் ஊர் சுத்துன பொண்ணு "மை பேரண்ட்ஸ் பேங்க்ரோல்டு இட்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லும், சம்பாதிச்சது நான் இல்லப்பான்னு தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கிறது. அப்பா அம்மாவுக்கு என்ன திரும்பி வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஒண்ணும் வராதுன்னு ஊருக்கே தெரியும். போக்கர் ஆடுறவங்க பேச்சுல கெட்ட வாடையே கெடையாது, வாடகைக்காசுல கை வைக்காம ஆட்டத்துக்குன்னு தனியா ஒதுக்குறதுதான் அவங்களுக்குப் பேங்க்ரோல்.

புதுசா ஆரம்பிக்கிற கம்பெனிக்கு சொந்தக் காசப் போடுறவர ஏஞ்சல்னு சொல்லுவாங்களே, அந்த வார்த்த பிராட்வே நாடகக்காரங்க கொடுத்தது, நாடகத்துக்குக் காசு போட்டுக் காப்பாத்துறவரு தேவதை. கூகுள் கம்பெனிய பதிவு பண்றதுக்கு முன்னாடியே, 1998 ஆகஸ்ட்ல, ஆண்டி பெக்டோல்ஷெய்ம்னு ஒரு முதலீட்டாளர் ஒரு லட்சம் டாலருக்கு கூகுள் இன்க் பேர்ல செக் எழுதிக் கொடுத்தாரு, அந்தப் பேர்ல ஒரு பேங்க் அக்கவுண்ட்கூட இல்லாம செக் சும்மா கெடந்துச்சு. அவர ஏஞ்சல்னுதான் எல்லாரும் எழுதுறாங்க, எவனும் பேங்க்ரோல் பண்ணவர்னு எழுதி நான் பாக்கல. ஜெயிச்ச கம்பெனிங்கறதாலயும் இருக்கலாம்.

சமீபத்துல ஒரு தம்பி பிட்ச் டெக், அதாவது முதலீடு கேக்குறதுக்குக் காட்டுற ஸ்லைடுங்க, கொண்டாந்து காட்டுனாப்ல. ரெண்டாவது ஸ்லைடுல கொட்டை எழுத்துல "பேங்க்ரோல்டு பை எ லீடிங் இண்டஸ்ட்ரியலிஸ்ட்". தம்பி, இத எடுத்துட்டு அவரு எவ்ளோ போட்டாரு, எத்தன பர்சன்ட் வெச்சிருக்காருன்னு போடுன்னேன். "பர்சன்ட் எல்லாம் பேசலண்ணே, அவரு எங்க மாமா"ன்னாப்ல. அப்ப வார்த்த கரெக்டுதான் தம்பி, மொதல்ல மாமாகூட உக்காந்து பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கிட்டு வா, ஸ்லைட அப்புறம் மாத்திக்கலாம்னு அனுப்பி வெச்சேன்.

கேள்வி இருந்தா மைக் அந்தப் பக்கம் வரும், கேளுங்க.