நிலக்காட்சி ஓவியருக்கு இணையம் வளர்ச்சியே!

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, மண்டபம் நிறைய வந்திருக்கும் பினாங்குத் தமிழ் மக்களே, வணக்கம். "நிலக்காட்சி ஓவியருக்கு இணையம் தருவது வளர்ச்சியா, தளர்ச்சியா?" வளர்ச்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய ஐயா, "ஓவியத்தைச் சுவரில்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கைத் திரையில் பார்ப்பது ஓவியத்துக்கே அவமானம்" என்றார். ஐயா, இந்தத் தீவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கேப்டன் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் பினாங்கின் மலையையும் கடலையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவற்றை வில்லியம் டேனியல் தகட்டில் செதுக்கி அச்சுப்படங்களாக்கி, 1821இல் லண்டனில் வெளியிட்டார். எண்ணெய் வண்ணத்தின் தடிப்பு அச்சில் வருமா? வராது. ஆனாலும் இந்தக் கரையை மிதிக்காதவர்கள் அந்தத் தாள்களில் நம் கடலைப் பார்த்தார்கள். அன்று கப்பலேறிப் போனது இன்று கைப்பேசியில் போகிறது. அதை மட்டும் எப்படி அவமானம் என்பீர்கள்?

நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்றார்கள் நம் முன்னோர். கொடிமலையில் படியும் காலை மூட்டம், பாலிக் புலாவ் வயலில் சாயும் வெயில். இவற்றைத் தீட்டுகிறவருக்கு நல்ல ரசிகர் யார்? அந்த நிலத்தில் வாழ்ந்தவர். அவர் எங்கே இருக்கிறார்? பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போய்விட்டார். இங்கேயே இருந்தாலும், காட்சிக்கூடம் திறந்திருக்கும் நேரத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டில் நிற்கிறார். கூடத்துக்குள் நுழையவே கூச்சப்படும் நம் பாட்டிமார் எத்தனை பேர்! பேரன் கைப்பேசியை நீட்டினால் அதே பாட்டி, "இது தண்ணீர்மலை அடிவாரமாச்சே, இந்தப் பக்கம் பெரிய மரம் நிக்குமே, எங்கேப்பா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைவிட நேர்மையான விமர்சனம் ஓவியருக்கு எங்கே கிடைக்கும்?

நிலம் மாறிக்கொண்டே வருகிறது நடுவர் அவர்களே. தீவையும் பெருநிலத்தையும் இணைக்க 1985இல் முதல் பாலம், 2014இல் இரண்டாவது. கர்னி கடற்கரையில் கடலே விலகி நிலமாகிவிட்டது. இடத்தையும் தேதியையும் குறித்து ஓவியர் பதிவேற்றும் ஒவ்வொரு படமும் இந்த ஊருக்குச் சாட்சி. ஒருவர் வீட்டு வரவேற்பறையில் மட்டும் தொங்கினால் அந்தச் சாட்சியம் யார் காதில் விழும்?

கற்றுக்கொள்வதையும் பாருங்கள். யோங் முன் சென், அப்துல்லா அரிஃப் போன்றோர் நீர்வண்ணத்தில் பெயர் பெற்ற தீவு இது. இங்கே காற்றில் ஈரம் அதிகம், தாள் மெதுவாகத்தான் காயும். ஈரத் தாளில் அடுத்த வண்ணத்தை எப்போது வைப்பது, எவ்வளவு பொறுப்பது? வறண்ட நாட்டில் எழுதிய பாடம் இங்கே கைகொடுக்காது. நம் ஊர் ஓவியர் மலையடிவாரத்தில் உட்கார்ந்து வரைவதைக் காணொளியாகப் போட்டால், வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத நிபோங் திபால் ஊர்ப் பிள்ளை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த அணியில் நிற்கிறேன்.

விருப்பக்குறிக்காக அந்தி வானத்தைக் கூடுதலாகச் சிவக்க வைக்கிறவர்கள் உண்டு. அது எனக்கும் வருத்தமே. ஆனால் வாங்குபவர் மனம்போல வண்ணத்தை மாற்றும் பழக்கம் இணையத்தோடு பிறந்ததா?

"திருடிவிடுவார்களே" என்றார் எதிரணித் தங்கை. அம்மா, 1080 பிக்சல் அகலத்தில் ஏற்றுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்துத் தரமாக அச்சிட்டால் அகலம் 9 சென்டிமீட்டர்தான் வரும். அதை மரச்சட்டத்தில் மாட்டி யார் விற்பார்? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் வாழும் காலமும் அதற்குப் பின் 50 ஆண்டும் உரிமை உண்டு. பதிவேற்றியதால் அந்த உரிமை பறிபோவதில்லை. மூலப்படமோ அவர் வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்கிறவர் நேரில் வந்து, தடவிப் பார்த்து, ரிங்கிட்டை எண்ணி வைக்கட்டும்.

தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.