அட்டை எங்கே போச்சு?

நேயர்களுக்கு வணக்கம். பழைய பத்திரிகை சேர்ப்பவர்களில் பல கட்சி உண்டு. கதைக்காகச் சேர்ப்பவர்கள், ஜோக்குக்காகச் சேர்ப்பவர்கள், ஹார்லிக்ஸ் விளம்பரத்துக்காகச் சேர்ப்பவர்கள்கூட இருக்கிறார்கள். நான் அட்டைப்படக் கட்சி.

எங்கள் கட்சிக்கு எதிரி கரையான் இல்லை, பைண்டர்தான்! அந்தக் காலத்து வீடுகளில் தொடர்கதையை வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, கடைசியில் பைண்டு பண்ணி வைப்பார்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த பொன்னியின் செல்வன், மணியம் வரைந்த படங்களோடு அப்படித்தான் பல பரண்களில் தப்பியது. அந்த இதழ்களின் அட்டை எங்கே? பள்ளிக்கூட நோட்டுக்கு உறையாகப் போயிருக்கும். சாமி படமாக இருந்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியிருக்கும். கதை கிடைக்கிற அளவுக்கு அட்டை கிடைப்பதில்லை.

அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. எம்.டி.வி. ஆச்சார்யா அதன் அட்டைகளில் மகாபாரதத்தையே வரைந்தார். பின்னாளில் வபா என்கிற வட்டாதி பாப்பையா வந்தார். குழந்தைகள் கையில் புரண்ட பத்திரிகை என்பதால், மூலை மடங்காத அட்டை ஒன்று அகப்பட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

விகடன் வேறு ரகம். அந்தக் காலத்தில் அங்கே அட்டையே ஒரு ஜோக். படமும் கீழே இரண்டு வரியும், அவ்வளவுதான். தஞ்சாவூர்க்காரரான கோபுலு வரைந்தவற்றில் அந்த இரண்டு வரியை மறைத்துக்கொண்டு பாருங்கள். மாமியின் முகத்தை வைத்தே மாமா என்ன உளறியிருப்பார் என்று பாதி ஊகித்துவிடலாம்.

வீட்டில் பழைய வண்ண அட்டை இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளாக், அதாவது அச்சுக்கட்டை. ஒன்று நூலளவு நகர்ந்தாலும் நாயகியின் உதட்டுச் சாயம் மோவாயில் இறங்கிவிடும். அதே வாரத்து இன்னொரு பிரதியில் சாயம் சரியாக இருக்கும். இதனால்தான் நான் ஒரே இதழில் இரண்டு வைத்திருக்கிறேன். வீட்டில் இந்த விளக்கம் எடுபடவில்லை என்பது தனி விஷயம்.

1985-இல் சென்னையின் பழைய புத்தகச் சந்தையான மூர் மார்க்கெட் எரிந்தபோது இப்படி எத்தனை போயிற்றோ. இன்றும் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் தேடலாம். வாங்கினால் முதலில் துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். துரு தாளைத் தின்றுவிடும். கிழிசலுக்கு செலோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது.

சேர்க்கிற ஆசை இல்லை, பரணில் மட்டும் கட்டுக்கட்டாக இருக்கிறதா? கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. எடைக்குப் போடுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அட்டையைக் கிழிக்காமல், முழு இதழாக.