கரை சேர்த்தது கற்ற கலையே

நடுவர் அவர்களே, அவையோர்களே, அனைவருக்கும் வணக்கம். பசிபிக் பெருங்கடலின் பொலினீசியத் தீவுகளைச் சேர்ந்த கடல் வீரர்களைக் கரை சேர்த்தது துணிவா, கற்ற கலையா என்ற தலைப்பில், துணிவே என்று வாதாடிய எதிரணி நண்பர், புராண வீரன் மாவுயி தூண்டிலிட்டு எழுப்பிய தீவையும் கதைகளில் வரும் கடலோடி கூப்பே துரத்திய பேய்க்கணவாயையும் சான்றாகக் காட்டினார். அந்தக் கதைகளை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார் என்பதுதான் என் முதல் மறுப்பு.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சொல்லும் கதையில் மாவுயியின் தூண்டில்முள் அவனுடைய மூதாட்டி முரிராங்கஃபெனுவாவின் தாடை எலும்பு. சிக்கிய மீனைத் தூக்க அவனுடைய தோள்வலி போதவில்லை. கனத்தைக் குறைக்கும் மந்திரத்தை ஓதித்தான் இழுத்தான். நியூசிலாந்தின் வடதீவாகிய அந்த மீனை, படையல் முடியும்வரை பொறுக்காமல் அண்ணன்மார் வெட்டிக் குதறியதால்தான் அங்கே மலையும் பள்ளமும் உண்டாயின. துணிச்சலுக்கு அண்ணன்மாரிடமும் குறைவில்லை, நடுவர் அவர்களே! மாவுயியின் சாவும் அப்படித்தான்: குழந்தைப் பருவத்துச் சடங்கில் தந்தை ஒரு மந்திரப் பகுதியை விட்டுவிட்டார், அந்தக் குறை இருந்தும் இறப்பின் தெய்வத்தை வெல்லப் போனவன் மாண்டான்.

இன்னொரு பொலினீசியக் கதைநாயகன் ராட்டாவின் கதை இதைவிடத் தெளிவானது. தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கக் கடல் கடக்க எண்ணிய ராட்டா, ஓடம் செய்ய ஒரு பெருமரத்தை வெட்டிச் சாய்த்தான். மறுநாள் வந்து பார்த்தால் மரம் வெட்டுத் தழும்புகூட இல்லாமல் நின்றது. மீண்டும் வெட்டினான், மீண்டும் நின்றது. ஒளிந்திருந்து பார்த்தபோது, காட்டின் காவலர்கள் சிராய் சிராயாக எடுத்து மரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். முறைப்படி அனுமதி கேளாமல் வெட்டியதை அவர்கள் கடிந்துரைக்க, அவன் நாணி நின்ற பிறகே, அவர்களே ஓடத்தைச் செய்து கொடுத்தார்கள். கோடரியும் கோபமும் மட்டும் வைத்திருந்தவரை ராட்டாவால் கரையைவிட்டு நகர முடியவில்லை.

கூப்பே கணவாயைக் கொன்றதோடு கதை முடியவில்லை. அவன் தன் முன்னோரின் தாயகமாகிய ஹவாய்க்கிக்குத் திரும்பி, தான் கண்ட நிலத்தைப் பற்றிச் சொன்னான். போன வழியை மனத்தில் குறித்துக்கொண்டவனுக்குத்தான் திரும்பும் வழி உண்டு.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம் என்றாலும் மகிழ்ச்சியே. 1769-இல் தஹித்தித் தீவில் கேப்டன் குக்கின் கப்பலேறிய ராயாடேயா தீவின் அர்ச்சகர் டுபாயா, 70-க்கும் மேற்பட்ட தீவுகளை அறிந்திருந்தார்; எந்தக் கடலில் இருந்தபோதும் தஹித்தி இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டினார் என்று பதிவு உண்டு.

இனி என் முதன்மைச் சான்று. 1976-இல் ஹவாய் மக்கள் ஹோக்கூலெஆ என்ற இரட்டை ஓடத்தில், திசைகாட்டும் கருவிகள் ஏதுமின்றித் தஹித்தி செல்ல முனைந்தார்கள். நாம் சுவாதி என்றழைக்கும் விண்மீனின் பெயர் அது. ஹவாய்க்கு நேர் உச்சியில் கடந்து செல்வது. முன்னோரின் கதைகளும் பாடல்களும் அவர்களிடம் இருந்தன, துணிவும் இருந்தது. வழிகாட்டும் கலை மட்டும் அங்கே அற்றுப்போயிருந்தது. ஆகவே மேற்குப் பசிபிக்கிலுள்ள மைக்ரோனீசியாவின் சடவால் தீவிலிருந்து மாவ் பியாய்லுக் என்ற மாலுமியை அழைத்து வந்தார்கள். அவர் விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் கொண்டு, ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட பயணத்தில் ஓடத்தைத் தஹித்தியில் சேர்த்தார்.

1978 மார்ச்சில் அவர் இல்லாமல், பாரம் மிகுந்த ஓடம் பெருங்காற்றில் புறப்பட்டு, அன்றிரவே கவிழ்ந்தது. உதவி தேடி அலைச்சறுக்குப் பலகையில் தனியே சென்ற ஓடக்குழுவினர் எடி அய்காவ் திரும்பவே இல்லை. அந்த வீரனுக்கு எங்கள் அணியும் தலைவணங்குகிறது. ஆனால் காற்றைப் பார்த்துப் புறப்படும் நாளைக் குறிப்பதும் நான் சொல்லும் கலையின் பகுதிதான். அதன்பின் நைனோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞர், மாவ் பியாய்லுக்கிடம் மாணவராக அமர்ந்து கற்று, 1980-இல் அதே ஓடத்தைக் கருவியின்றித் தஹித்திக்குச் செலுத்தித் திரும்பியும் வந்தார்.

1978-க்கும் 1980-க்கும் இடையில் ஹவாய் மக்களிடம் கூடியது துணிவா, கல்வியா? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு மேலே பேசட்டும் என்று கேட்டு அமைகிறேன், நடுவர் அவர்களே.