வேதாரண்யம் கடற்கரையின் பழைய புயல் கட்டடங்கள்

வணக்கம் நண்பர்களே. காவிரிப் படுகையின் கடைமடையில், வேதாரண்யத்திற்கு வடக்கே உள்ள ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தூண்களின் மேல் நிற்பதுதான் ஊர்க்காரர்கள் புயல் கட்டடம் என்று சொல்லும் பழைய பாதுகாப்பு மையம். இரும்புக் கதவும் இருண்ட சுரங்க அறையுமாக ஒரு பதுங்கு குழியைக் காண வந்தவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். சிறிது தோண்டினாலே தண்ணீர் ஊறும் இந்த மண்ணில், கடல் ஊருக்குள் ஏறி வரும் இரவில், குழிக்குள் இறங்குபவர் பிழைக்க மாட்டார். இங்கே மேலே ஏறினால்தான் உயிர் தங்கும். அதனால்தான் கீழ்த்தளத்தைச் சுவரில்லாமல், தண்ணீர் தூண்களுக்கிடையே புகுந்து போகும்படி திறந்து விட்டிருக்கிறார்கள்.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரை கடந்த புயல் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த வாரமே ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் புகுந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வங்கக் கடலோரத்தில் இத்தகைய கட்டடங்கள் பரவலாக எழுந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது மேலே வாருங்கள். படிக்கட்டின் அடிப்பகுதியில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது, பார்த்தீர்களா? உப்புக் காற்றிலிருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் கேட்பதால், கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. சுவர்கள் இன்னும் உறுதியாகத்தான் இருக்கின்றன. என்னை வருத்தியது வேறு. கழிப்பறை கீழே, திறந்தவெளியில் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது யாரும் அங்கே போக முடியாது. குடிநீர்த் தொட்டி காலி. முதியவர்களைத் தூக்கிக்கொண்டு ஏற இந்தப் படி குறுகல். காற்றுக்கு அஞ்சுவதைவிட, இரவில் ஒதுங்க இடமில்லையே என்பதற்காகவே பெண்கள் இங்கே வரத் தயங்குகிறார்கள் என்று மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா சொன்னார். ஒரு கட்டடத்தைப் பற்றி இதைவிடக் கடுமையான தீர்ப்பை நான் கேட்டதில்லை.

பணம் இருந்தால் இந்தக் குறை வராது என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் சோனன்பெர்க் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை 20,000 பேர் தங்கும் அணுப் போர்ப் புகலிடமாகவும் பயன்படும்படி அமைத்து 1976இல் திறந்தார்கள். ஒன்றரை மீட்டர் தடிமனும் சுமார் 350 டன் எடையும் கொண்ட கதவுகள் அதற்கு. 1987இல் ஒத்திகை நடத்தியபோது ஒரு கதவு முழுதாக மூடவே இல்லை. படுக்கைகளை அமைக்கும் வேலையும் திட்டமிட்டபடி முடியவில்லை. அந்தப் புகலிடத்தின் அளவைப் பின்னாளில் 2,000 பேருக்குக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் ஒத்திகை பார்த்தார்கள் என்பதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் பார்த்ததனால்தான் குறை தெரிந்தது.

இதே கடற்கரையில், பள்ளிக்கூடமாகவும் பயன்படும் ஒரு புதிய மையத்தையும் பார்த்தேன். அங்கே தினமும் கதவு திறக்கிறது, குழாயில் தண்ணீர் வராவிட்டால் அன்றே ஆசிரியர் கேட்கிறார், கழிப்பறை மேல்தளத்திலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா இந்தப் பகுதியில் கரை கடந்தபோது முன்கூட்டியே வெளியேறியவர்கள் பல்லாயிரம் பேர். அவ்வளவு பேர் நம்பிப் போகும் இடம், பூட்டிக் கிடந்து புயலன்று மட்டும் திறக்கும் கட்டடமாக இருக்கக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அதற்கு முன்பே உங்கள் ஊர்ப் புயல் கட்டடத்திற்கு ஒருமுறை போய், சாவி யாரிடம் இருக்கிறது, கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் கிராம சபையில் எழுத்தாக வையுங்கள்.