அரசி தாய்து: ஒரு வினைச்சொல்லும் ஒரு சுனையும்

[திரையில்: ஓர் ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகள், அருகருகே]

எத்தியோப்பியாவும் இத்தாலியும் 1889 மே 2 அன்று உச்சாலே என்னும் ஊரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவு இது. பிற நாடுகளுடன் தொடர்புகொள்ள எத்தியோப்பிய மன்னர் இத்தாலியின் உதவியைப் 'பயன்படுத்திக்கொள்ளலாம்' என்றது எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் இருந்த பிரதி. பயன்படுத்திக்கொள்ள அவர் 'இசைகிறார்' என்றது இத்தாலியப் பிரதி. தமிழில் 'லாம்' என்ற ஈற்றை எடுத்துவிட்டு 'வேண்டும்' என்று சேர்த்தால் விருப்பம் கடமையாகிவிடுவதைப் போல, அந்த ஒரு வினைச்சொல்லில் ஒரு சுதந்திர நாடு இத்தாலியின் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடாகச் சுருங்கியது. தாம் முடிசூடிய செய்தியை மன்னர் இரண்டாம் மெனெலிக் ஐரோப்பிய அரசுகளுக்கு நேரடியாக எழுதி, இத்தாலி வழியாகவே தொடர்புகொள்ள வேண்டும் என்று பதில் வந்த பின்னரே இந்தப் புரட்டு வெளிப்பட்டது.

[திரையில்: அரசியின் புகைப்படம்]

இவர் அரசி தாய்து பெதுல். வடபகுதிப் பிரபுக் குலத்தில் பிறந்து, பெண்கள் எழுத்தறிவு பெறுவது அரிதாக இருந்த காலத்தில் எழுதப் படிக்கத் தேர்ந்து, 1883இல் மெனெலிக்கை மணந்தவர். அப்போதைய தலைநகர் இருந்த எந்தோத்தோ மலையின் குளிரிலிருந்து இறங்கி, வெந்நீர் ஊற்றுகள் இருந்த சமவெளியில் அவர் வீடு கட்டிக்கொண்ட இடமே தலைநகராக வளர்ந்தது. 'புது மலர்' எனப் பொருள்படும் அடிஸ் அபாபா என்ற பெயரும் அவர் வைத்ததே. அந்த 17ஆவது பிரிவு குறித்துப் பேச வந்த இத்தாலியத் தூதர் அந்தொனெல்லியிடம் மன்னர் நயமாகப் பேச, சிறிதும் விட்டுக்கொடுக்காமல் நின்றவர் அரசிதான். 1893இல் மெனெலிக் ஒப்பந்தத்தை முறித்தார்.

அடுத்து வந்தது போர். 1896 சனவரியில் வட எத்தியோப்பியாவின் மெக்கெல்லே கோட்டைக்குள் இத்தாலியப் படை பதுங்கியிருந்தது. மதிலை நேரடியாகத் தாக்கிய எத்தியோப்பியர்கள் பலர் மாண்டனர். ஆனால் கோட்டைக்குத் தண்ணீர் தந்த சுனையோ மதிலுக்கு வெளியே இருந்தது. அதைக் கைப்பற்றச் சொன்னவர் தாய்து என்றே எத்தியோப்பியர் இன்றும் சொல்கின்றனர். நா வறண்ட காவற்படை சில நாட்களில் பணிந்தது. அவர்களை ஆயுதங்களோடு வெளியேற மன்னர் அனுமதித்தது பெருந்தன்மையா, பிழையா என்பது தனி விவாதம்.

மார்ச் 1 அன்று அத்வாவில் நடந்த இறுதிப் போரிலும் அரசி தம் படையுடன் களத்தில் இருந்தார். முகாமிலிருந்த பெண்கள் குடங்களில் நீர் சுமந்து சென்று போரிடுவோருக்குக் கொடுத்தனர். அத்வாவை மெனெலிக்கின் வெற்றி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது பாதிக் கதையே என்பது என் எண்ணம். அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான புதிய ஒப்பந்தம் உச்சாலே உடன்படிக்கையை நீக்கி, எத்தியோப்பியாவின் முழுச் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது.

[திரையில்: எந்தோத்தோ மலை]

மன்னர் நோயுற்றபோது ஆட்சியைத் தாமே நடத்திய தாய்துவைப் பிரபுக்கள் 1910இல் அதிகாரத்திலிருந்து அகற்றினர். 1913இல் கணவர் மறைந்த பின், தாம் விட்டு இறங்கிய அதே எந்தோத்தோ மலைக்குத் திரும்பிய அவர், 1918இல் அங்கேயே காலமானார்.